கப்பலோடு வந்த சிப்பி

அந்தச் சிப்பியை முதலில் கண்டது அவள்தான். அதைச் சொல்லிவிட்டுத் தொடங்குவதுதான் நியாயம்.

நாங்கள் இருவரும் சிவகாசியில் ஒரு கல்லூரியில் விலங்கியல் படித்தோம். நான் விருதுநகரிலிருந்து பஸ்ஸில் வந்து போவேன். எங்கள் முஸ்லிம் வீடுகளில் அப்பாவை அத்தா என்போம்; அத்தாவுக்கு அங்கே வற்றலும் பருப்பும் விற்கிற சின்னக் கடை. அவளுக்கு வீடு சிவகாசியை ஒட்டிய விஸ்வநத்தத்தில். தாத்தா காலத்தில் காட்டில் விவசாயக் கூலி வேலைக்குப் போன குடும்பம். அவளுடைய அம்மா காலையில் பட்டாசு கம்பெனி வண்டியில் ஏறி, சாயங்காலம் காதுமடலிலும் நகக்கண்ணிலும் வெள்ளிப்பொடி ஒட்டியிருக்க இறங்குகிறவர். அப்பா இல்லை. இவள் ஒரே பிள்ளை.

எனக்கு வேறு பாடம் கிடைக்காததால் விலங்கியல். அவள் கேட்டு வாங்கியது. கல்லூரிச் சுற்றுலாவில் முதன்முதலாகக் கடலைப் பார்த்தபோது நாங்கள் எல்லாரும் அலையில் காலை நனைத்துக்கொண்டு கத்திக்கொண்டிருந்தோம். அவள் மட்டும் ஈரப் பாறையில் குப்புறப் படுத்துக்கொண்டு, குழியில் தேங்கிய தண்ணீரை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ் கிளம்பும் நேரத்தில் நான்தான் போய் இழுத்து வந்தேன். சுடிதாரின் முன்பக்கம் முழுக்க பாசி. “ஏ பிள்ள, அதுக்குள்ள ஒரு ஊரே இருக்கு” என்றாள். அன்று வழி முழுக்க என் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டே வந்தாள். அப்படித்தான் நாங்கள் சேர்ந்தோம்.

மேல்படிப்பை முடித்தபின் எங்கள் பேராசிரியர் ஓர் ஆய்வுக்கு இருவரையும் எடுத்துக்கொண்டார். தெற்குக் கடற்கரையில், ஆறு கடலில் சேரும் இடத்தை ஒட்டி ஒரு சின்னத் துறைமுகம். ஊர்ப்பெயர் வேண்டாம். அங்கே கப்பல் அணையும் பாலத்தின் தூண்களுக்கிடையே பிளாஸ்டிக் தகடுகளைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட வேண்டும். மாதாமாதம் தூக்கிப் பார்த்து, அதில் என்னென்ன உயிர்கள் வந்து ஒட்டி வளர்கின்றன என்று குறிக்க வேண்டும். அதுதான் வேலை. கடலுக்குள் ஒரு பொருளைப் போட்டால் அது சும்மா கிடக்காது. முதலில் வழவழப்பு ஏறும். பிறகு பாறையில் நடப்பவர்களின் காலைக் கிழிக்குமே, அந்தக் கொட்டலசு வந்து உட்காரும். பிறகு எங்கள் கரையோரப் பச்சைச் சிப்பி, கிளிப்பச்சை விளிம்போடு, சுண்டுவிரல் நுனி அளவில் தலைகாட்டும். தகடு ஒரு தெருவைப்போல நிரம்பும்.

அவள் ஒரு நாள் தகட்டை இழுத்துத் தரையில் வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

“ஏ பிள்ள, இங்கன வா. இது நம்ம ஊருச் சரக்கு இல்ல.”

கருப்பும் பழுப்புமாக, விரல் நகம் அளவுதான் இருந்தது. ஓட்டுக்கு அடியிலிருந்து மெல்லிய நூல்களை விட்டு, தகட்டை இறுக்கிப் பிடித்திருந்தது. “திரி மருந்துல முக்கி எடுத்த மாதிரி நூலைப் பாரு” என்றாள். பட்டாசு வேலைக்குப் போகிறவர் வீட்டுப் பிள்ளைக்கு அப்படித்தான் தோன்றும். நான் அதை என் கட்டைவிரலுக்குப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்தேன். பேராசிரியர் பார்த்துவிட்டு, பலரிடம் கேட்டுவிட்டு, உறுதி சொன்னார். அமெரிக்காவின் வெப்பக் கடற்கரைகளைச் சேர்ந்த சிப்பி அது. கப்பலின் அடிப்பகுதியில் ஒட்டிக்கொண்டு வந்திருக்கலாம். அல்லது கப்பல் சரக்கில்லாமல் வரும்போது ஆட்டம் கொடுக்காமலிருக்க வயிற்றில் கடல்நீரை நிரப்பிக்கொள்ளும். இங்கே வந்து சரக்கு ஏற்றும்போது அதைத் திறந்துவிடும். அந்த நீரில் கண்ணுக்குத் தெரியாத குஞ்சுகளாக வந்திருக்கலாம்.

பிறகு நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது நடந்தது. ஒவ்வொரு முறை தகட்டைத் தூக்கும்போதும் அந்தச் சின்னச் சிப்பி கூடுதலாக இருந்தது. பச்சைச் சிப்பிகளின் முதுகில் ஏறி, கொட்டலசின் வாயை அடைத்து, ஒன்றன்மேல் ஒன்றாக மெத்தைபோல் படர்ந்தது. கத்தியால் சுரண்டி எடுத்தால் அடியில் எங்கள் சிப்பிகள் வாயைத் திறந்து செத்துக் கிடக்கும். உள்ளே சதை இருக்காது, சேறு இருக்கும். அவள் அவற்றைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

தூண்களோடு அது நிற்கவில்லை. கழிமுகத்துக்குள் புகுந்தது. அங்கே இடுப்பளவு தண்ணீரில் நின்று, சேற்றுக்குள் கையைவிட்டு மட்டியும் இறாலும் எடுத்துப் பிழைக்கும் பெண்கள் இருந்தார்கள். சேற்றின் மேல் சிப்பி படர்ந்து தார் போட்ட மாதிரி இறுகியபின் அவர்களால் கையை உள்ளே விட முடியவில்லை. விட்டால் கிழித்தது. இறால் ஒளிய இடமில்லாமல் போய்விட்டது. மட்டி அடியிலேயே மூச்சடைத்துச் செத்தது.

அந்தப் பெண்களில் ஓர் அக்கா எங்களுக்கு எல்லாமாக இருந்தார். குரல் பெரிதாக, கழிமுகத்தின் அந்தக் கரைக்குக் கேட்கும். எங்கள் வாளிகளும் கயிறும் அவர் வீட்டுக் கொட்டகையில்தான் கிடக்கும். மதியம் அவர் வீட்டில்தான் சோறு. நான் சாப்பிட மாட்டேனோ என்று முதல் நாள் தயங்கி நின்றவர், நான் தட்டை நீட்டியதும் மீன் துண்டைத் தேடி எடுத்துப் போட்டார். எங்களிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

“பிள்ளைகளா, இது எங்கருந்து வந்துச்சுன்னு தெரிஞ்சா மொதல்ல எங்ககிட்டச் சொல்லிருங்க. பேப்பர்ல போட்டு ஊரெல்லாம் பாத்தப்பறம் நாங்க கேட்டா மரியாதையா இருக்காது.”

“ஒங்ககிட்டச் சொல்லாம யாருகிட்டக்கா சொல்லப் போறோம்” என்றாள் அவள். நான் தலையாட்டினேன். கப்பலோடு வந்தது என்று பேராசிரியர் சொன்னதை அன்றே அக்காவிடம் சொன்னோம்.

துறைமுகத்தில் சிமெண்டு ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனி இருந்தது. சிப்பி கப்பலோடு வந்தது என்று ஊரறியச் சொல்லிவிட்டால், கழிமுகத்தைச் சுத்தம் செய்துகொடுக்கும்படி அவர்களிடம் கேட்கலாம் என்று பெண்கள் நினைத்தார்கள். அதற்காக ஒரு கூட்டம் ஏற்பாடாகியிருந்தது. கூட்டத்துக்கு முன் எளிய தமிழில் ஒரு போஸ்டர் அடித்து ஊரில் ஒட்டுவது எங்கள் பொறுப்பு. சிவகாசியில் எங்களுக்குத் தெரிந்த அச்சகம் இருந்தது.

விடுதி அறையில் உட்கார்ந்து அந்த வாசகத்தை எழுதினோம். அவள் முதலில் எழுதியது “வந்தேறிச் சிப்பி” என்று. நான் அந்தச் சொல் வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டாள். நான் சுற்றி வளைக்காமல் சொன்னேன். பள்ளியில் படித்தபோது, பஸ் நிறுத்தத்தில் ஒருவர் என் அத்தாவைப் பார்த்து அந்தச் சொல்லைச் சொல்லியிருக்கிறார். எத்தனை தலைமுறையாக அந்த ஊரில் கடை வைத்திருக்கிறோம் என்று அத்தா பதில் சொல்லவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு அடுத்த நிறுத்தத்துக்கு நடந்தார். இதை நான் அதற்குமுன் யாரிடமும் சொன்னதில்லை. அவள் கேட்டுவிட்டு, பேனாவால் அந்தச் சொல்லை அடித்தாள். மேலே “கப்பலோடு வந்த சிப்பி” என்று எழுதினாள். “இதுல யாருக்கும் சுடாது. உள்ளதும் இதுதான்” என்றாள். எனக்கு அவள்மேல் இருந்த அன்பு அன்றைக்கு இருந்ததுபோல் முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

அடுத்த வாரம் அத்தாவுக்கு நெஞ்சுவலி வந்தது. மதுரைக்குக் கொண்டுபோய் அறுவை சிகிச்சை செய்ய வேண்டியதாயிற்று. நான் கடற்கரையை விட்டுவிட்டு ஆஸ்பத்திரியிலும் பிறகு வீட்டிலும் கடையிலுமாக இருந்தேன். அவள் மதுரைக்கு வந்து பார்த்தாள். அவள் அம்மா கொடுத்துவிட்ட கஞ்சியைத் தூக்குவாளியில் கொண்டுவந்து, அத்தாவுக்கு ஸ்பூனால் ஊட்டினாள். நான் குளிக்கப் போய் வரும்வரை கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவர் காலைப் பிடித்துவிட்டாள்.

“தகடெல்லாம் நான் பாத்துக்கிறேன். போஸ்டரையும் நானே பிரஸ்ல குடுத்துர்றேன். நீ அத்தாவைப் பாரு” என்றாள்.

“கூட்டம் எப்ப?”

“தள்ளிப் போட்டிருக்காக. சொல்றேன்.”

அத்தா அவள் போனபின், “நல்ல பிள்ளைம்மா அது” என்றார்.

அவர் எழுந்து நடமாடத் தொடங்கியதும், போஸ்டர் என்ன ஆயிற்று என்று பார்க்க நான் சிவகாசிக்குப் போனேன். காலண்டர் சீசன். அச்சகத்துக்குள் நுழைய முடியாதபடி சாமி படங்களும் அருவிப் படங்களுமாகத் தாள்கள் அடுக்கியிருந்தன. அச்சகத்தைப் பார்த்துக்கொள்ளும் தம்பி என்னைக் கண்டதும் எழுந்து வந்தான்.

“வாங்கக்கா. அத்தா எப்படி இருக்காக?”

“நல்லா இருக்காக. போஸ்டர் அடிச்சாச்சா?”

“லோடே போயிருச்சேக்கா. கம்பெனி வண்டி வந்து எடுத்துட்டுப் போச்சு.”

“எந்தக் கம்பெனி?”

“சிமெண்டு கம்பெனிதான். ஆர்டரையே அவுக பேருக்கு மாத்தியாச்சே. அந்தக்கா வந்து புது மேட்டர் குடுத்துட்டுப் போனாக.” அவன் என் முகத்தைப் பார்த்தான். “ஒங்களுக்குத் தெரியாதாக்கா?”

மீந்திருந்த ஒரு தாளை எடுத்து விரித்துக் காட்டினான். என் படம்தான். சிப்பிக்குப் பக்கத்தில் என் கட்டைவிரல். மேலே, “நம் கழிமுகத்தின் செல்வம்” என்று பச்சை எழுத்தில் தலைப்பு. இந்தச் சிப்பி நம் கடற்கரையில் காலங்காலமாக வாழ்வது, மழை குறைந்தால் பெருகும், பிறகு தானே குறைந்துவிடும், மக்கள் அச்சப்பட வேண்டாம் என்று அடியில் நான்கு வரி. அதற்கும் அடியில் ஆய்வாளர்கள் என்று இரண்டு பெயர்கள். இரண்டாவது என்னுடையது.

தம்பி நாற்காலியை இழுத்துப் போட்டான். நான் உட்காரவில்லை. அங்கிருந்து நேராக விஸ்வநத்தத்துக்குப் போனேன்.

அவளுடைய அம்மா வீட்டு வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். வேலை நாளில், பகலில், அவரை வீட்டில் நான் பார்த்ததே இல்லை. காதுமடல் சுத்தமாக இருந்தது. என்னைக் கண்டதும் முறத்தைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“வா தாயி. ஒங்கிட்டச் சொல்லாம இருப்பாளா? அவளுக்குத் துறைமுகத்துக் கம்பெனியில வேலை. சுற்றுச்சூழல் ஆபீசராம். இனிமே வண்டி ஏறக்கூடாதுன்னு எங்கிட்டச் சத்தியம் வாங்கிட்டா. எங்கூட வேலை பாத்தவளுகள்ல பாதிப்பேரு கருகிப் போயிட்டாளுக. எனக்கு விடிஞ்சிருச்சு தாயி.”

“நல்லது அத்தை” என்றேன். அவர் உள்ளே போய் டீ போட்டார். அந்த டீயை நான் குடித்தேன்.

அவள் கடைக்குப் போயிருந்தாள். திரும்பி வந்தவள் என்னைப் பார்த்ததும், பையை வாசலிலேயே வைத்துவிட்டு, தெருக்குழாய்ப் பக்கம் நடந்தாள். அம்மா காதில் விழக்கூடாது என்று நினைத்திருப்பாள். நானும் பின்னால் போனேன்.

“பிரஸ்ஸுக்குப் போனியா?” என்றாள்.

“போனேன்.”

“நான் பொய் எழுதல. எப்ப வந்துச்சுன்னு யாரு பாத்தா? முன்னாடியே இருந்திருக்கலாம்ல.”

“நீதான பாத்தே. எங்கிட்டக் காட்டுனது நீதான.”

அவள் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “ஒங்க அத்தா படுத்தாக, நீ கடையைப் பாத்தே. கடை இருந்துச்சு. எங்கம்மா படுத்தா எனக்கு என்ன இருக்கு? அவுக கூப்புட்டு வேலை தர்றோம்னாக. ரெண்டு வரி மாத்தச் சொன்னாக. அம்புட்டுதான்.”

“எப்ப கூப்புட்டாக?”

அவள் சொட்டிக்கொண்டிருந்த குழாயைத் திருகி மூடினாள்.

“மதுரைக்கு வந்தியே, அதுக்கு முன்னாடியா?”

“முன்னாடிதான்” என்றாள்.

அவள் அத்தாவுக்குக் கஞ்சி ஊட்டிய கை எனக்கு ஞாபகம் வந்தது. ஸ்பூனை ஊதி ஊதிக் கொடுத்தாள். அப்போதே எல்லாம் பேசி முடித்திருக்கிறாள்.

“என் பேரை ஏன் போட்டே?”

“ஒம் பேரு இல்லாட்டி அந்தக்கா நம்பாது.” பிறகு சொன்னாள்: “நீதான சொன்னே, வெளியருந்து வந்துச்சுன்னு சொல்லிக் குத்தக்கூடாதுன்னு. ஒங்க அத்தா கதையைச் சொன்னியே. நான் அதைத்தான எழுதிருக்கேன். எல்லாம் நம்ம ஊருதான்னு.”

வேலைக்காகச் செய்தேன் என்று அவள் சொன்னதை நான் என்றாவது மறந்திருப்பேன். அத்தா என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்த அந்தத் தெருவை எடுத்து அவள் தன் பொய்க்கு முட்டுக் கொடுத்ததை என்னால் மறக்க முடியவில்லை. மனிதரைச் சொல்வதும் சிப்பியைச் சொல்வதும் ஒன்றில்லை என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். அந்த வித்தியாசத்தை எனக்கு எழுதிக் காட்டியவளே அவள்தான்.

நான் திரும்பி நடந்தேன். வழியில் அவள் அம்மா, “அதுக்குள்ள கெளம்பிட்டியா?” என்று கேட்டார். பஸ்ஸுக்கு நேரமாச்சு அத்தை என்றேன்.

மறுநாள் காலையில் கடற்கரைக்குப் போனேன். போஸ்டர் எல்லாச் சுவரிலும் ஒட்டியிருந்தது. கூட்டமும் முடிந்திருந்தது. அது தள்ளிப்போடப்படவே இல்லை. அக்கா வீட்டுக் கொட்டகையில் எங்கள் வாளிகள் இல்லை. வெளியே, வேலி ஓரமாக எடுத்து வைத்திருந்தார்கள்.

அக்கா வெளியே வந்தார். உட்காரச் சொல்லவில்லை.

“அக்கா, அந்தப் போஸ்டர்ல இருக்கிறது பொய். எனக்குத் தெரியாம மாத்திட்டாக.”

“ஒம் பேரு போட்டிருக்குல்லா.”

“நான் போடலக்கா.”

“அந்த வெரலு ஒன்னோடதுதான?” என்றார். என் கையைப் பார்த்துதான் கேட்டார். “அவ மேடையில நின்னு, பயப்படாதீங்க, இது நம்ம சிப்பிதான்னு சொன்னா. நான் எந்திரிச்சு, என் வீட்டுல சோறு தின்னவ நீ, எங்கிட்டச் சொன்னது வேறல்லான்னு கேட்டேன். எல்லாரும் என்னையப் பாத்துச் சிரிச்சாக. நீ வருவே, வந்து சொல்லுவேன்னு வாசலையே பாத்துக்கிட்டு இருந்தேன்.”

அத்தா ஆஸ்பத்திரியில் இருந்ததைச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார். “இப்ப ரெண்டு பேருல நான் யார நம்பணும்?” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. உண்மையாகவே தெரியாமல் கேட்டார்.

அதன்பின் என்னால் ஆனதைச் செய்தேன். பேராசிரியரிடம் போனேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, சிப்பி எந்த நாட்டது என்பதில் சந்தேகமில்லை, போஸ்டர் ஆய்வில் சேர்ந்தது அல்ல, இருவரும் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்றார். அக்காவையும் இன்னும் சில பெண்களையும் அழைத்துக்கொண்டு துறைமுக அதிகாரி ஒருவரைப் பார்த்தேன். அவர் மேசை இழுப்பறையிலிருந்து அதே போஸ்டரை எடுத்து என் முன்னால் வைத்து, “இது நீங்கதானம்மா?” என்று கேட்டார். நான் விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். எழுதிக்கொடுங்கள் என்றார். எழுதிக்கொடுத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் அன்று வெளியே வந்தபோது அக்கா தன் தண்ணீர் பாட்டிலை என்னிடம் நீட்டினார். மறுமுறை போனபோது வாளிகள் கொட்டகைக்குள் இருந்தன.

சில ஆண்டுகள் கழித்து வேறு ஆய்வாளர்கள் வந்து பார்த்து, அது அயல் கடலின் சிப்பிதான் என்று எழுதினார்கள். இப்போது அதை யாரும் மறுப்பதில்லை. அதற்குள் கழிமுகத்தின் அடி முழுக்க இறுகிவிட்டது. பெண்கள் இரும்பு வாரியால் சுரண்டிப் பார்த்தார்கள். சுரண்டிய இடத்தில் அடுத்த மழைக்குள் மீண்டும் ஏறிக்கொண்டது. இளையவர்கள் மீன் பதப்படுத்தும் கம்பெனிக்கு வேலைக்குப் போகிறார்கள். விடிகாலையில் அவர்களுக்கும் ஒரு வண்டி வருகிறது. அக்கா மட்டும் கழிமுகத்தின் மேல்பக்கம், உப்புக் குறைந்த இடத்தில், மிச்சமிருக்கும் மட்டியைத் தேடி நடக்கிறார். எங்கள் பச்சைச் சிப்பியைத் தூண்களில் நான் பார்த்துப் பல காலம் ஆகிறது.

நான் ஆய்வை விட்டுவிட்டேன். விருதுநகரில் ஒரு பள்ளியில் பாடம் எடுக்கிறேன். மெல்லுடலிகள் பாடம் வரும்போது பிள்ளைகளுக்குப் படம் வரைந்து காட்டுவேன். நன்றாகவே வரைவேன்.

போன வருடம் அவளுடைய அம்மா கல்யாணப் பத்திரிகையோடு எங்கள் கடைக்கு வந்தார். மகள் கல்யாணம் சாத்தூர்ப் பக்கம் இருக்கன்குடி கோயிலில், நீங்க எல்லாரும் வரணும் என்று அத்தாவிடம் சொல்லியிருக்கிறார். உடம்பு தேறி, நல்ல நிறமாக இருந்தாராம். அத்தாவுக்கு நான் முழுவதையும் சொன்னதில்லை. பஸ் நிறுத்தத்துக் கதையை இன்னொருத்தியிடம் சொன்னேன், அவள் அதை இப்படிப் பயன்படுத்தினாள் என்று அவரிடம் எப்படிச் சொல்வேன்?

“கல்யாணத்துக்குப் போகலையாம்மா?” என்று கேட்டார்.

“ஸ்கூல்ல லீவு இல்லத்தா.”

கல்யாண நாள் ஞாயிற்றுக்கிழமை என்று இருவருக்கும் தெரியும். அவர் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, மருந்துப் பையையும் எடுத்துக்கொண்டு, சாத்தூர் பஸ்ஸில் தனியாகப் போய்விட்டு வந்தார். மதியம் நான் கடையில் உட்கார்ந்திருந்தேன். வந்ததும் மின்விசிறிக்கு அடியில் அமர்ந்து செருப்பைக் கழற்றினார்.

“நல்ல கூட்டம். சாப்பாடு பரவாயில்ல” என்றார். “அந்தப் பிள்ள கழுத்துல மாலையோட எந்திரிச்சு வந்து, படியில எறங்குறப்ப என் கையப் பிடிச்சுக்கிருச்சு.”

“என்னையக் கேட்டாளா?”

“கேக்கல” என்றார் அத்தா. “ஆனா நான் பஸ் ஏறுறவரைக்கும் கையை விடல.”

ஒருவர் கடலைப்பருப்பு கேட்டு வந்து நின்றார். நான் எழுந்து நிறுத்துக் கொடுத்தேன்.